தேசம்மா கேட்ட வேட்டி

கிரகப்பிரவேசத்தன்று நான் நீட்டிய தாம்பாளத்தைத் தேசம்மா வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், அதன் மேல் அரக்கு நிறத்தில் ஒரு புடவை. சும்மா கடையில் பத்தோடு பதினொன்றாக எடுத்ததில்லை. அம்மையார்குப்பத்துக்கு நானே பஸ் ஏறிப் போய், தறிக்காரர் வீட்டில் உட்கார்ந்து, பதினைந்து புடவையைப் பிரிக்க வைத்து எடுத்தது. மற்ற பெண்களுக்கு எடுத்ததைவிட இரண்டு பங்கு உசத்தி. தேசம்மா முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஓமப் புகை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. கண்ணெல்லாம் எரிச்சல். அடுப்பில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாசனை, அதோடு புதுப் பெயின்ட் வாசனை. உறவுக்காரர்கள் அறுபது பேர் சுற்றி நிற்கிறார்கள்.

தேசம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "புடவை சோக்கா கீது டீச்சரம்மா. ஆனா எனக்கு இது வேணாம்."

"ஏன், கலர் பிடிக்கலையா?"

"கலருக்கு இன்னா? எனக்கு வேட்டி குடுங்க. வேட்டி, துண்டு."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்த அத்தியாயத்தை எழுதினால் அது யோக்கியமாகாது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டில் பால் காய்ச்சியதும், பந்தி போடுவதற்கு முன்னால், வீடு கட்டினவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும். மேஸ்திரி கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் வேலையின் பெயரோடு கூப்பிடுவார். மேஸ்திரிக்கு வேட்டி, சட்டை. கொத்தனார்களுக்கு வேட்டி, துண்டு. பெண்களுக்குப் புடவை. அன்றைக்கும் எங்கள் ஏழுமலை மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொத்தனார் முருகேசன்!" என்றார். "கொத்தனார் தேவராஜ்!" என்றார். அப்புறம், "சித்தாள் தேசம்மா!" என்றார்.

அங்கேதான் வண்டி நின்றது.

ஒரே பாண்டு, இரண்டு பெயர்

போன வாரம் எங்கள் மனையில் பாறை வந்து அஸ்திவாரம் தோண்ட முடியாமல் திண்டாடிய கதையைப் படித்துவிட்டு, "வீடு கட்டும் கதை இன்னும் எத்தனை வாரம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. திருத்தணியில் வீடு கட்டினவர்களுக்குத்தான் தெரியும், அது லேசில் முடிகிற கதையில்லை.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொல் ஒன்று கிடைத்தால் பிய்த்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட நான், வேலை ஆரம்பித்து மூன்று மாதம் வரை காதில் விழுந்த ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கட்டட வேலையில் மணலும் செங்கல்லும் சுமக்கிற ஆணுக்குப் பெரியாள் என்று பெயர். அதே மணலை அதே இரும்புப் பாண்டுச் சட்டியில் சுமக்கிற பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். சிற்றாள்தான் மருவிச் சித்தாள் ஆகியிருக்கிறது. பாண்டு ஒன்றுதான், மணல் ஒன்றுதான், ஏறுகிற சாரமும் ஒன்றுதான். ஆனால் பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ஏன் என்று கேட்டால் பெயரிலேயே பதில் இருக்கிறதாம்.

கொத்தனார் கூலி இந்த இரண்டையும்விட மேலே. சித்தாள் கூலியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொத்தனார் என்ற சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. கொத்தனாரம்மா என்று சொல்லிப் பாருங்கள், கொத்தனார் பெண்டாட்டி என்றுதான் அர்த்தம் வரும்.

தேசம்மா ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். புடவைக்கு மேலே ஓர் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு. அந்தச் சட்டை அவள் புருஷனுடையது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். எல்லாம் அவள் ஒருத்தி கூலியில்தான் நடக்கிறது.

பதினெட்டு வருஷமாகச் சித்தாள். முருகேசன் பெரியாளாக வந்து அவளோடு சேர்ந்து மண் சுமந்தவர். இரண்டே வருஷத்தில் பூச்சுக் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிட்டார். தேசம்மா அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் கையில் பூச்சு வேலை இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கலவை கொடுக்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டாள். மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் சுவரில் பூசிப் பார்ப்பாளாம், அவர்கள் எழுந்திருக்கும் முன் வழித்துப் போட்டுவிடுவாளாம். ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். திட்டவில்லை. அன்றிலிருந்து பரண் உள்பக்கம், மாடிப்படிக்கு அடியில், கழிவுத் தொட்டியின் உள்சுவர், இப்படி ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடமெல்லாம் தேசம்மாவுக்கு. வேலை கொத்தனார் வேலை, கூலி மட்டும் சித்தாள் கூலி. ஏழுமலை மேஸ்திரி கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

நான் செய்த காரியம்

மேஸ்திரியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ஒருநாள் நான் பரணை எட்டிப் பார்க்கிறேன், உள்ளே குறுகி உட்கார்ந்து தேசம்மா பூசிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம்.

"என்னப்பா ஏழுமலை, கொத்தனாருக்கா பஞ்சம்? சித்தாளை விட்டுப் பூசறியே?"

"உள்பக்கம்தானே டீச்சரம்மா. யாரு பாக்கப் போறாங்க?"

"அதெல்லாம் வேண்டாம். கொத்தனாரை விட்டே பூசச் சொல்லு."

தேசம்மா இறங்கி வந்து கரணையைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, பாண்டைத் தூக்கிக்கொண்டு மணல் குவியலுக்குப் போனாள். எனக்கு அப்போது அது ஒன்றும் தோன்றவில்லை. சரியாக வேலை வாங்குகிறோம் என்ற நினைப்பில் போய்க் காபி குடித்தேன்.

பரணியன்று கலந்த கலவை

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகைக்கு மேஸ்திரியாவது கொத்தனாராவது, எல்லாருக்கும் தோளில் காவடிதான். முந்தின நாள் பரணியன்றே ஏழுமலை மேஸ்திரி மலை ஏறிவிட்டார். முருகேசன் மட்டும் காலையில் வந்தார். சாயங்காலம்தான் தன் காவடி, அதற்குள் கூடத்தின் பெரிய சுவரைப் பூசி முடித்துவிடுகிறேன் என்றார். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் முதலில் கண்ணில் படுகிற சுவர் அது.

கலவை போட்டாயிற்று. சாரம் கட்டியாயிற்று. அப்போது பார்த்துப் பம்பை சத்தம். அவர் தெருக் காவடி முன்னாலேயே கிளம்பிவிட்டது. முருகேசன் கையைக் கழுவினாரா என்றுகூட எனக்குத் தெரியாது, அரோகரா என்று ஓடியே போனார்.

நான் அந்தக் கலவையைப் பார்த்து வயிற்றெரிச்சலோடு நிற்கிறேன். அத்தனை சிமென்ட்டும் கல்லாகப் போகிறது. தேசம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் பூசிட்டா?"

பரணில் நடந்ததை இரண்டு பேருமே மறக்கவில்லை. நான் கலவையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். "பாதி பூசிட்டு மீதியை முருகேசன் வந்து முடிச்சுக்கட்டும்" என்றேன்.

"அப்டி நிறுத்தக் கூடாது. இன்னிக்குப் பாதி நாளிக்குப் பாதின்னா ஒட்டு தெரியும். பெயின்ட் அடிச்சாலும் கோடு நிக்கும். பூசினா முழுசா பூசணும். இல்லன்னா உட்டுடணும்."

"சரி, பூசு" என்றேன். பெருந்தன்மையால் அல்ல, சிமென்ட் போகிறதே என்றுதான்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினாள். அடடா, அந்த வேலையை நான் எப்படிச் சொல்வேன்! கரணையிலிருந்து கலவை சுவரில் போய் ஒட்டுகிற சத்தம் ஒரே அளவில் விழுந்துகொண்டே இருந்தது. தரையில் சிந்தினது ஒரு கை அள்ளக்கூட வராது. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், கண்ணை இடுக்கிக்கொண்டு ஓரிடத்தில் லேசாகத் தேய்ப்பாள். மலையில் மேளம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்கையில் முடித்துவிட்டு இறங்கினாள். உள்ளங்கையால் தடவினேன், ஈரமாக வழவழவென்று இருந்தது.

"டீச்சரம்மா, மேஸ்திரி கேட்டா முருகேசன் பூசினதுன்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"பொம்பள பூசினதுன்னு தெரிஞ்சா உடைச்சிட்டுத் திரும்பப் பூசச் சொல்வாரு. வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னுவாரு."

அந்த வீட்டுக்காரங்க யார் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. இருந்தும் மேஸ்திரி வந்து கேட்டபோது முருகேசன் பூசினது என்றே சொன்னேன். அந்தச் சனிக்கிழமையும் தேசம்மா வாங்கிக்கொண்டு போனது சித்தாள் கூலி. அதற்கு ஈடு செய்யத்தான் அரக்கு நிறப் புடவை.

இருபத்திரண்டு புடவை

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளியில். பத்தாம் வகுப்புத் தமிழ் என் பொறுப்பு. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஓர் ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு அதே தமிழ் நடத்தியவர், என்னைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார் என்று தற்செயலாகத் தெரிந்தது. தாளாளரிடம் போய், தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவர் குடும்பஸ்தர் இல்லையாம்மா? உங்களுக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்" என்றார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குக் குடும்பம் இல்லையா? நான் என்ன மரத்தடியிலா குடியிருந்தேன்? இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்து குக்கரை வைக்கும்போது வந்தது. கேட்க வேண்டிய இடத்தில் வரவில்லை.

ஒவ்வோர் ஆசிரியர் தினத்துக்கும் பள்ளியில் பெண் ஆசிரியைகளுக்கெல்லாம் ஒரு புடவை கொடுப்பார்கள். மேடையில் கூப்பிட்டு, கைதட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு ஒரே பெருமை. மறுநாளே அதைக் கட்டிக்கொண்டு போவேன். அப்படி இருபத்திரண்டு புடவை வாங்கினேன்.

வேட்டி கொடு என்று தேசம்மா என் எதிரில் நின்றபோது, அந்த இருபத்திரண்டு புடவையும் ஒவ்வொன்றாக என் கண் முன்னே வந்தன. அவமானமாக இருந்தது. அந்தத் தாம்பாளம் என் கையில் கனத்தது.

இது யார் கை?

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா இன்னா வம்பு பண்ணிகினு கீற? புடவைய வாங்கிகினு போ."

"வம்பு இல்ல மேஸ்திரி. கொத்தனாருக்கு வேட்டிதானே?"

"நீ கொத்தனாரா?"

"பூசினவங்க கொத்தனாருதானே?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, வழக்கத்த மாத்திடாதீங்க. இன்னிக்கு வேட்டி கேப்பா, நாளிக்குக் கூலி கேப்பா. இவளப் பாத்து மத்ததுங்களும் கேக்கும்."

அவர் பயந்தது நியாயம்தான். தேசம்மா வேட்டியைக் கேட்கவில்லை, கூலியைத்தான் கேட்கிறாள். அறுபது பேர் காதில் விழும்படி மேஸ்திரி வாயால் ஒருமுறை கொத்தனார் என்று வந்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. மேஸ்திரி எல்லார் எதிரிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாள் இது ஒன்றுதான். பதினெட்டு வருஷம் காத்திருந்து அவள் பிடித்த இடம் இது.

"இந்த வீட்டுல பாதி என் கை" என்றாள் தேசம்மா.

"பரணும் படிக்கட்டு அடியும் பூசிட்டா கொத்தனாரா?" மேஸ்திரிக்கும் சூடேறிவிட்டது. வாசலுக்கு எதிரே இருந்த பெரிய சுவரைக் கையால் தட்டினார். "தோ, இப்டிப் பூசணும். இது முருகேசன் கை. பாத்தா தெரியல? இந்த மாரி ஒரு சுவரு நீ பூசிக் காட்டு, நானே உனக்கு வேட்டி கட்டி உடறேன்."

நான் முருகேசனைப் பார்த்தேன். முருகேசன் புது வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"முருகேசா, சொல்லுப்பா" என்றேன்.

"மேஸ்திரி... அது பரணியன்னிக்குப் பூசினது" என்றார் முருகேசன். "அன்னிக்கு நான் மலை மேல காவடியோட இருந்தேன். நீங்களும் தானே இருந்தீங்க? மேல என்னைப் பாத்து அரோகரான்னீங்களே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்தத் தடவை தேசம்மாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி சுவரிலிருந்து கையை எடுத்தார். கிட்டே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். விரலால் மூலையைத் தடவினார். தொழில் தெரிந்த மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

"இது நீயா பூசின?"

"ஆங்."

"நான்தான் முருகேசன் பூசினதாகப் பொய் சொன்னேன்" என்றேன் நான். "அந்தப் பரண் விஷயத்திலும் தப்பு என் மேலதான். இப்போ பெயரைச் சொல்லிக் கூப்பிடுப்பா."

சொல்லிவிட்டேனே ஒழிய, கொடுப்பதற்கு என்னிடம் வேட்டி இல்லை. கணக்காக எடுத்தது தீர்ந்துவிட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் எங்கள் வீட்டுக்காரர் அறைக்குள் போனார். வீடு கட்டின ஒரு வருஷமும் "நீயே பார்த்துக்கோ" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர். ஓமத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று தனக்கு எடுத்து வைத்திருந்ததில் கட்டாத செட்டைக் கொண்டுவந்து, துண்டோடு தாம்பாளத்தில் வைத்தார். ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "கொத்தனார்..." என்று சொல்லி நிறுத்தினார். ஒருமுறை தேசம்மாவையும் ஒருமுறை சுவரையும் பார்த்தார்.

"கொத்தனார் தேசம்மா!"

முருகேசன்தான் முதலில் கை தட்டினார்.

'ள்' போய் 'ர்'

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். மேஸ்திரி சொன்னார், முருகேசன் ஓடினார், தேசம்மா நின்றாள். தேசம்மாவைவிடப் பத்து வயது சின்னவர் முருகேசன், அவருக்கு 'ர்' போட்ட என் பேனா இவருக்கு 'ள்' போட்டிருக்கிறது. அடித்துத் திருத்தலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படி இருந்தேன் என்பதற்குச் சாட்சியாக அப்படியே இருக்கட்டும்.

தேசம்மா இரண்டு கையாலும் வேட்டியை வாங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தில் ஜெயராமன் இருந்தார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, திருவாலங்காட்டில் கரும்பு வைத்திருக்கிறவர். சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் வந்தார். "மேஸ்திரி, நானும் வீடு ஆரம்பிக்கணும். ஹாலுக்கு இந்தம்மாவையே அனுப்புங்க. சித்தாள் கூலிதானே ஆவும்?"

மேஸ்திரிக்கு வந்ததே ரோஷம்! "இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? இப்பதானே கொத்தனாருன்னு கூப்ட்டேன், காதுல விழல? கொத்தனார் கூலிதான் ஆவும்."

"மேஸ்திரி" என்றார் தேசம்மா. "அந்தக் கூலி என் கைக்கு வருமா, உங்க கையோட நின்னுடுமா? இத்தினி பேர் எதிர்ல சொல்லிடுங்க."

மேஸ்திரி விழித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வரும்மா, வரும்."

"முருகேசனுக்கு இன்னாவோ, அதே?"

"ஆங். அதே."

சொன்னபடி நடக்கிறதா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயராமனுக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நடக்கிறது. பெரியாள், சித்தாள் வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே மண் சுமக்கிற பெண்கள் போன வாரம் தேசம்மாவை முன்னால் விட்டு மேஸ்திரியைச் சூழ்ந்துகொண்டார்களாம். மேஸ்திரி பைக்கை எடுத்துக்கொண்டு சிமென்ட் வாங்கப் போய்விட்டாராம்.

கிரகப்பிரவேசத்துக்கே திரும்புகிறேன். எல்லாரும் பந்திக்கு நகர்ந்தார்கள். அரக்கு நிறப் புடவை தாம்பாளத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் கவனிப்பதற்குள் எடுத்துப் பீரோவில் வைத்துவிடலாம் என்று அறைப் பக்கம் நடந்தேன்.

"டீச்சரம்மா, அத்த எங்க எடுத்துகினு போறீங்க?"

தேசம்மா பின்னாலேயே வந்திருந்தார்.

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"சித்தாள்னு கூப்ட்டுக் குடுத்தா வேணாம்னேன். ஆசையா குடுத்தா யாருனா வேணாம்னு சொல்வாங்களா? வேட்டி வேலைக்கு. புடவை உங்க ஆசைக்கு. வெய்யிங்க தட்டுல."

வைத்தேன்.